தண்டவாளத்துக் கோழிகள்

எங்கள் ஊருக்கு லாஸ்ட் பூட் என்று பெயர். ஆதியில் யாரோ ஒருவன் ஓடைச் சேற்றில் ஒற்றைக் கால் பூட்ஸைத் தொலைத்துவிட்டுத் துழாவியபோது கையில் தங்கம் தட்டுப்பட்டதாம். பூட்ஸ் கடைசிவரை கிடைக்கவில்லை. தங்கமும் ஒரு தலைமுறைக்குள் தீர்ந்துபோயிற்று. வந்த கூட்டத்தில் பாதி வேறு ஊருக்குத் தங்கம் தேடிப் போய்விட்டது. மீதிப் பாதியும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ரயில் வந்து சேர்ந்தது. அதனால் ஊர் பிழைத்தது.

ஆனால் ரயிலால்தான் பிழைத்தோம் என்று மேட்டுக்காரர்களிடம் சொல்ல முடியாது. மேட்டில், க்வின்லனின் மதுக்கடையைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் எல்லாம் பழைய சுரங்கக்காரர்களின் வாரிசுகள். ஸ்டேஷனைச் சுற்றிப் பள்ளத்தில் இருக்கும் நாங்கள் அவர்கள் கண்ணுக்கு மணியடித்துச் சம்பளம் வாங்கும் கூலிகள். எங்களுக்கு அவர்கள் வேலை வெட்டியில்லாமல் பீர் குடித்துக்கொண்டு தாத்தா காலத்துத் தங்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள். சாவுக்கும் ஃபுட்பாலுக்கும் மட்டும் இரண்டு தரப்பும் சேரும்.

நான் ஸ்டேஷனில் போர்ட்டர். காலையில் ஒரு ரயில் வரும், சாயங்காலம் அதே ரயில் திரும்பிப் போகும். கம்பளி மூட்டை, பால் கேன், எப்போதாவது யாருடைய அத்தையாவது. இவ்வளவுதான் போக்குவரத்து. ஊரெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டமாக இருந்த அந்த ஆண்டு, மெல்பர்னில் இருந்த மேலிடம் சின்னச் சின்னக் கிளைப் பாதைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தது. அடுத்தது நாங்கள்தான் என்று எஞ்சின் டிரைவர் ஹோரி ஒவ்வொரு நாளும் இறங்கியதும் முதல் வேலையாகச் சொல்லுவான். அவன் சொல்லுகிற விதத்தைப் பார்த்தால் மூடினால் அவனுக்குச் சந்தோஷம் போலத் தோன்றும். உண்மையில் அவனுக்கு வேறு வேலை தெரியாது.

ஸ்டேஷன் மாஸ்டர் கத்பர்ட் ஐன்ஸ்லி ஒல்லியான, உயரமான மனிதர். ரயில்வே விதிகள் முழுவதும் அவருக்கு மனப்பாடம். வீட்டில் சாப்பிட உட்காரும்போதுகூடத் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிப்பார் என்று அவர் மனைவி வினிஃப்ரட் சொல்லுவாள். அவள் அவரை வீட்டிலும் வெளியிலும் 'மிஸ்டர் ஐன்ஸ்லி' என்றுதான் கூப்பிடுவாள். மரியாதையா கேலியா என்று நான் அந்த ஸ்டேஷனில் இருந்தவரைக்கும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஸ்டேஷனுக்குப் பின்னால் அவள் கோழி வளர்த்தாள். கோழிகள் தண்டவாளத்தில் மேயும். ரயில் சத்தம் கேட்டதும் சாவகாசமாக ஒதுங்கிக்கொள்ளும். அந்த விஷயத்தில் அவை பயணிகளைவிட விவரமானவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டையிடுவதை நிறுத்திவிட்ட ஒரு கிழட்டுக் கோழியை வினிஃப்ரட் சூப்புக்காக அறுத்தாள். இரைப்பையைப் பிளந்து கழுவும்போது சின்னக் கற்களோடு பயறு அளவில் ஒரு மஞ்சள் மணி உருண்டு விழுந்தது. கணவரிடம் காட்டினாள். பித்தளை, ஏதாவது குழாயிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் சூப் எப்போது ஆகும் என்று கேட்டார். வினிஃப்ரட் தொப்பியை மாட்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மேடேறிக் க்வின்லனின் கடைக்குப் போனாள். பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை என்பதால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

க்வின்லனிடம் அவன் பாட்டன் காலத்துத் தங்கத் தராசு இருந்தது. அது அலமாரியில் விஸ்கி பாட்டில்களுக்கு நடுவே நிற்கும்; தினமும் துடைப்பான், எடை போட ஒன்றும் இருக்காது. அவன் மணியைக் கடித்துப் பார்த்தான், நாக்கில் வைத்துப் பார்த்தான், தராசில் போட்டான், மறுபடி கடித்தான்.

"மிசஸ் ஐன்ஸ்லி, இது எங்க கெடச்சது?"

"கோழிக்குள்ள."

கடையில் இருந்த அத்தனை பேரும் கையிலிருந்த பீரைக் கீழே வைத்தார்கள். அப்படி ஒரு காட்சியை அந்தக் கடை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் லாஸ்ட் பூட்டில் கோழிகளுக்கு ஆபத்துக்காலம் தொடங்கிவிட்டது. முட்டையிடுகிறதா, அடைகாக்கிறதா என்றெல்லாம் யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு அறுத்தார்கள். அறுத்ததை வீணாக்க முடியாதே, தின்னவும் செய்தார்கள். காலையில் கோழி, மதியம் கோழி, ராத்திரி மிச்சக் கோழி. பாதிரியார் பிரசங்கத்துக்கு நடுவே ஏப்பம் விட்டார். அடுத்த வாரம் ஊரில் ஒரு முட்டைகூடக் கிடைக்கவில்லை. கேக் செய்ய வேண்டிய கல்யாணம் ஒன்று தள்ளிப்போயிற்று. அத்தனை கோழியிலும் மண்ணும் கண்ணாடித் துண்டும் ஒரு சட்டைப் பொத்தானும்தான் கிடைத்தன. பொத்தானை அதன் சொந்தக்காரர் வந்து அடையாளம் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

வினிஃப்ரட் மட்டும் அவசரப்படவில்லை. அந்த வாரக் கடைசியில் இன்னொரு கிழட்டுக் கோழியை அறுத்தாள். அதிலும் ஒரு மணி இருந்தது. தையல் விரலுறைக்குள் போட்டு வைத்துக்கொண்டாள்; சேதி மட்டும் எப்படியோ மேடேறிவிட்டது.

ஆக, விஷயம் கோழியில் இல்லை, ஸ்டேஷன் கோழிகள் மேயும் இடத்தில் இருக்கிறது என்பது மேட்டுக்காரர்களுக்குப் புரிந்துபோயிற்று. மறுநாள் காலை ரயில் வருவதற்கு முன்பே ஒரு கூட்டம் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டது. முன்னால் நின்றவர் சைலஸ் பெங்கெல்லி. வெள்ளைத் தாடி, வளைந்த முதுகு. மேட்டில் அவரைவிட மூத்த சுரங்கக்காரர் உயிரோடு இல்லை. ரயில்வேயைத் திட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. ரயில் ஏறக்கூடாது என்பதற்காகவே சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு நடந்து போனவர். வந்தவர் மாஸ்டரைப் பார்த்து வணக்கம்கூடச் சொல்லவில்லை. கோழிகள் இருக்கும் திசையில் நடந்தார்.

மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார். பயணம் செய்யாதவர்கள் நடைமேடைக்குள் வர அனுமதி இல்லை என்றார். அதற்கென்று பிளாட்பாரம் டிக்கெட் இருக்கிறது, வாங்கினால் நிற்கலாம் என்றும், விதி அப்படி என்பதால், அவரே சொல்லிக்கொடுத்தார்.

பெங்கெல்லி கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "வாங்கினா யாரும் எங்கள வெரட்ட முடியாதே?"

"முடியாது. ஆனா துப்பக் கூடாது. தோண்டக் கூடாது."

"பாக்கலாமில்ல?"

"பாக்கறதுக்கு விதியில எந்தத் தடையும் இல்ல."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. ஆள் ஆளுக்குப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கோழிகளைப் பார்த்தார்கள். கோழி கழுத்தை நீட்டினால் அத்தனை கழுத்தும் நீளும். கோழி கொத்தினால் எல்லாரும் பெருமூச்சு விடுவார்கள். மாஸ்டரின் அறையில் வருஷக்கணக்காகத் தூசி படிந்து கிடந்த பிளாட்பாரம் டிக்கெட் கட்டு இரண்டே வாரத்தில் தீர்ந்து, மெல்பர்னுக்குத் தந்தியடித்துப் புதுக்கட்டு வரவழைக்க வேண்டியதாயிற்று. அப்படி ஒரு கோரிக்கை எங்கள் ஊரிலிருந்து போனதைப் பார்த்து மெல்பர்னில் யாரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

மாஸ்டருக்கு இந்தக் கூட்டம் பிடிக்கவில்லை. ஆனால் எல்லாரும் டிக்கெட்டைப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்திருந்தார்கள், யாரும் துப்பவில்லை. அவர் என்னிடம், "டெஸ், இவங்க விதிய மீறினாக்கூட நமக்கு நிம்மதியா இருக்கும். மீறவே மாட்டேங்கறாங்களே," என்று வருத்தப்பட்டார். வினிஃப்ரட் நடுநடுவே வந்து அவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். ஒருநாள் பெங்கெல்லி கோப்பையை வாங்கிக்கொண்டு, நல்ல தேநீர் என்றார். ரயில்வே சொத்தைப் பற்றி அந்த மனிதர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன்.

பெங்கெல்லிதான் முதலில் கவனித்தார். கோழிகள் தோட்டத்திலோ சரக்குக் கொட்டகையிலோ அவ்வளவாகக் கொத்துவதில்லை. தண்டவாளத்தில், கட்டைகளுக்கு நடுவே கிடக்கும் ஜல்லியைத்தான் கிளறுகின்றன. சாயங்கால ரயில் போனதும் மாஸ்டரிடம் அனுமதி கேட்டார். கேட்டார் என்பதே பெரிய விஷயம். ஒரே ஒரு கல்லை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று மாஸ்டர் ஒப்புக்கொண்டார். நானும் கூட இறங்கினேன்.

பெங்கெல்லி கல்லை எடுத்து நாக்கால் நனைத்தார். சாயங்கால வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக் கல்லில் துரு நிறத்தில் ஒரு கோடு.

"டெஸ், இது கிரேட் ஹோப் சுரங்கத்துக் கல்லு."

"இருக்கட்டுமே. அந்தக் கழிவு மேட்டத்தானே அந்தக் காலத்துல ஜல்லிக்குன்னு அள்ளிட்டு வந்தாங்க?"

"யாரு அள்ளினா?"

நான் எனக்குத் தெரியாது என்றேன்.

"நாந்தான்டா அள்ளினேன். சுரங்கத்த மூடிட்டாங்க, வேலை இல்ல. ரயில்வேக்காரன் வந்து கழிவுக்கல்லு வேணும்னான். கூலிக்கு மண்வெட்டி புடிச்சு ஒரு கோடைக்காலம் பூரா வண்டி வண்டியா நான்தான் ஏத்தினேன். குப்பை ஒழிஞ்சுதுன்னு எங்கப்பா சந்தோஷப்பட்டாரு." கல்லை அது இருந்த இடத்திலேயே, அதே பக்கம் மேலே இருக்கும்படி, கவனமாக வைத்தார். "அப்போ இருந்த அரவை மிஷினு பாதித் தங்கத்தக் கல்லுலயே விட்டுடும்னு ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ஏத்தினேன். எளவயசு. ராத்திரி டான்ஸுக்குப் போகக் காசு வேணும்."

பிறகு தண்டவாளம் போகும் திசையைப் பார்த்தார். அது நேராகச் சமவெளியைத் தாண்டி, கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு, அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று போய்க்கொண்டிருந்தது. வாழ்நாளெல்லாம் தேடிய தங்கத்தைத் தானே மண்வெட்டியால் வாரி நாடு முழுக்கத் தூவிவிட்டோம் என்பது ஒரு மனிதனுக்குப் புரியும்போது அவன் என்ன செய்வான்? பெங்கெல்லி சிரித்தார். முதலில் மெதுவாக, அப்புறம் இருமல் வரும்வரை. அவரை நடைமேடைக்கு ஏற்றிவிட நானும் மாஸ்டரும் ஆளுக்கொரு கை கொடுத்தோம்.

மறுநாள் மேட்டுக்காரர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஜல்லியைத் தோண்டக் கூடாது, அள்ளக் கூடாது. தண்டவாளம் சரிந்தால் ரயில் கவிழும் என்று மாஸ்டர் அவர்களிடம் விளக்கமாகச் சொன்னார். யாரும் தோண்டப் போவதில்லை என்று பெங்கெல்லி வாக்குக் கொடுத்தார். பிறகு, பாதையில் எந்தெந்தப் பிராணிகள் வரக் கூடாது என்று விதியில் இருக்கிறதோ அதைக் கொஞ்சம் படித்துக்காட்ட முடியுமா என்று பணிவாகக் கேட்டார்.

மாஸ்டர் பார்க்காமலே சொன்னார். மாடு, குதிரை, கழுதை, ஆடு, பன்றி, நாய், ஒட்டகம்.

"கோழி?"

மாஸ்டர் உள்ளே போய்ப் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு வந்து பார்த்தார். ஒட்டகம் வரைக்கும் யோசித்த மகான்கள் கோழியை மறந்துவிட்டிருந்தார்கள்.

தின்று தீர்த்த கோழிகளுக்குப் பதிலாக அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கூடைகூடையாகக் கோழி வந்து இறங்கியது. அவற்றை இறக்கி இறக்கி என் முதுகு ஒடிந்தது. காலில் சிவப்புத் துணி கட்டியது க்வின்லனின் கோழி, நீலம் பெங்கெல்லியின் கோழி. தண்டவாளம் நெடுகக் கோழிகள். மேட்டுக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று அவற்றை உற்சாகப்படுத்தினார்கள். தீனி போடக் கூடாது, பசியோடு இருந்தால்தான் கல்லைக் கொத்தும் என்பது பெங்கெல்லியின் கட்டளை.

வினிஃப்ரட்டின் கோழிகளுக்குத்தான் ரயிலின் குணம் தெரியும். வெளியூர்க் கோழிகளுக்குத் தெரியவில்லை. அவை எஞ்சினைப் பார்த்தால் ஓடுவதற்குப் பதில் எஞ்சினுக்கு முன்னாலேயே ஓடின. ஹோரி விசில் அடித்தான், ஆவியை விட்டான், கடைசியில் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிக் கையால் விரட்டினான். ரயில் தினமும் தாமதமாக வந்தது. மாஸ்டர் தாமதத்துக்கான காரணத்தை உள்ளது உள்ளபடியே தந்தியில் மேலிடத்துக்குச் சொன்னார்: கோழிகள்.

அதற்குமேல் மெல்பர்னால் பொறுக்க முடியவில்லை. பிளாட்பாரம் டிக்கெட் மூட்டை மூட்டையாக விற்கிறது, ஆனால் யாரும் ரயில் ஏறுவதில்லை; ரயில் கோழிகளால் தாமதமாகிறது. என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்படியே பாதையை மூடுவதற்கும் சிபாரிசு எழுதி வர பீமிஷ் என்ற இன்ஸ்பெக்டரை அனுப்பினார்கள்.

பீமிஷ் வந்த ரயில் மதியம்தான் வந்து சேர்ந்தது. குண்டான மனிதர், நல்ல சூட்டு, முன்பல்லில் தங்கக் கவசம். கடைசிக் கொஞ்ச தூரத்தில் ஹோரியோடு சேர்ந்து அவரும் இறங்கிக் கோழி விரட்டியிருக்கிறார் என்பது கோட்டில் ஒட்டியிருந்த இறகுகளிலிருந்து தெரிந்தது. நடைமேடையில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திகைத்தார். தன்னை வரவேற்க வந்த பொதுமக்கள் என்று நினைத்துத் தொப்பியைத் தூக்கினார். கூட்டம் அவரைத் தாண்டி எஞ்சினின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. யாருடைய கோழி செத்தது என்பதுதான் அவர்கள் கவலை.

ஒன்று செத்திருந்தது. காலில் கட்டிய துணி எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது. அது தன்னுடையது என்று பெங்கெல்லி சொன்னார். இல்லை, தன்னுடையது என்று க்வின்லன் சொன்னான். வினிஃப்ரட் வந்து கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கினாள். இன்ஸ்பெக்டருக்கு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் ஒன்றும் இல்லை, கோழி ரயில்வே நிலத்தில் செத்தது, அதனால் இது ரயில்வே கோழி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இரைப்பை மட்டும் யாருக்கு என்பதைச் சாப்பாட்டுக்கு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றாள். மாஸ்டர் அவளைப் பெருமையோடு பார்த்தார். இவ்வளவு காலத்தில் அவர் மனைவி விதிப்படி பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் பரிமாறினேன். இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுக்கொண்டே பேசினார். பாதை நஷ்டத்தில் ஓடுகிறது, ஊரில் ஒழுங்கு இல்லை, மூடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். மாஸ்டர் கையில் முள்கரண்டியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் வாயில் வைக்கவில்லை. கோழி வேறு கிழட்டுக் கோழி. வினிஃப்ரட் அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தும் மசியவில்லை. பீமிஷ் கால்துண்டை இரண்டு கையாலும் பிடித்துப் பல்லால் இழுத்தார். ஒரு சத்தம் கேட்டது. அவர் வாயில் கையை வைத்து எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். மஞ்சளாக மின்னியது.

ஜன்னலுக்கு வெளியே பெங்கெல்லி நின்றுகொண்டிருந்தது அதுவரை எங்களுக்குத் தெரியாது.

நீண்ட கை ஒன்று உள்ளே வந்தது, மேஜையைத் தடவியது, போய்விட்டது. "என் கோழிதான்," என்ற குரல் மட்டும் கேட்டது. நான் எட்டிப் பார்த்தபோது அந்த வயதில் ஒரு மனிதர் அப்படி ஓட முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. அவர் பின்னால் மொத்த நடைமேடையும் மேட்டை நோக்கி ஓடியது. பீமிஷ் எழுந்து நின்று ஏதோ சொன்னார். முன்பல் கவசம் போன இடத்தில் காற்றுத்தான் வந்தது. எங்களுக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மேட்டில் நடந்ததைக் க்வின்லன் பிற்பாடு எனக்குச் சொன்னான். கடை வரலாற்றிலேயே பெரிய கட்டி. பெங்கெல்லி எல்லாருக்கும் பீர் வாங்கித் தருவதாக அறிவித்துவிட்டார். க்வின்லன் தராசில் வைத்தான். எடை குறைவாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருப்பிப் பார்த்தான். உள்ளே குழிவாக இருந்தது.

"சைலஸ், உன் கோழிக்குப் பல்லு இருந்துச்சா?"

பெங்கெல்லி இல்லை என்றார்.

"அப்ப அந்தாளுக்கு இருந்துச்சா?"

பெங்கெல்லி பீரை முடிக்காமலே எழுந்தார்.

சாயங்கால ரயிலுக்கு முன் அவர் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தான் ஒரு பொருளைக் கண்டெடுத்ததாகவும், ஸ்டேஷனில் கண்டெடுத்த பொருளை மாஸ்டரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி என்றும் சொன்னார். இரண்டு மாதம் பெஞ்சில் உட்கார்ந்து அவர் பாதி ரயில்வேக்காரர் ஆகியிருந்தார். பீமிஷ் கையை நீட்டினார். மாஸ்டர் கொடுக்கவில்லை.

"மன்னிக்கணும் சார். தொலஞ்ச பொருளக் கேக்கறவங்க அது தங்களோடதுதான்னு சாட்சிகளுக்கு முன்னால நிரூபிக்கணும். உங்களுக்குத் தெரியாததில்ல. அந்த விதியத் திருத்தி எழுதினவங்களே நீங்கதான்."

அவர் கிண்டல் செய்யவில்லை. கத்பர்ட் ஐன்ஸ்லிக்குக் கிண்டல் செய்யத் தெரியாது. பீமிஷ் மாஸ்டரைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நடைமேடைக் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். வினிஃப்ரட் கவசத்தைக் கழுவிக் கொண்டுவந்து தன் கையாலேயே பொருத்திப் பார்த்தாள். மேட்டுக்காரர்களும் ஸ்டேஷன்காரர்களும் சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். சரியாகப் பொருந்தியது. யாரோ கைதட்டினார்கள். பீமிஷ் வாயைப் பொத்திக்கொண்டு ரயில் ஏறினார். அன்று ரயில் சரியான நேரத்துக்குக் கிளம்பியது; கோழிகளையெல்லாம் ஊரே சேர்ந்து பிடித்து வைத்திருந்தது.

இனி மூடத்தான் போகிறார்கள் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். மாஸ்டர் சாமான்களைக் கட்டக்கூட ஆரம்பித்தார். பெங்கெல்லி தினமும் வந்து, தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, பெட்டிகளுக்குக் கயிறு கட்ட உதவினார்.

சில வாரம் கழித்து உத்தரவு வந்தது. ஒன்று, விலக்கப்பட்ட பிராணிகளில் இனி கோழியும் சேரும். இரண்டு, லாஸ்ட் பூட் பாதை இப்போதைக்குத் தொடர்ந்து ஓடும். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. ஹோரிதான் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னான். ஒரு பாதையை மூடுவதென்றால் அந்த ஊரில் கூட்டம் போட்டு மக்களின் குறைகளைக் கேட்க வேண்டும். சிபாரிசு செய்த இன்ஸ்பெக்டர் அந்தக் கூட்டத்தில் மேடையேறி விளக்கம் சொல்ல வேண்டும். லாஸ்ட் பூட் மக்களுக்கு முன்னால் பீமிஷ் மறுபடி வாயைத் திறப்பாரா?

அது உண்மையோ என்னவோ, பாதை அதற்கப்புறம் வெகுகாலம் ஓடியது. மேட்டுக்காரர்கள் வெளியூர்க் கோழிகளைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். மொத்தத்தில் அவற்றிலிருந்து கிடைத்த தங்கம் க்வின்லனின் தராசை அசைக்கவில்லை. பழகிய கோழிகளுக்குத்தான் கண் தெரியும் என்று வினிஃப்ரட் சொன்னாள். அவள் விரலுறைக்குள் மட்டும் ஏழெட்டு மணி சேர்ந்திருந்தது. அவற்றைக் க்வின்லனிடம் விற்றுவிட்டு, ஒரு காலை நல்ல உடுப்பு உடுத்தி, கையில் பெட்டியோடு டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றாள்.

ஊழியரின் மனைவிக்கு இரண்டாம் வகுப்பில் இலவசப் பயணம் உண்டு என்று மாஸ்டர் ஜன்னலுக்கு உள்ளிருந்து நினைவூட்டினார்.

"வேண்டாம் மிஸ்டர் ஐன்ஸ்லி. முதல் வகுப்புல ஒரு டிக்கெட் குடுங்க. போயிட்டு வர."

"எங்க போகணும்?"

"கடலுக்கு."

"அந்தப் பேர்ல ஸ்டேஷன் இல்லியே."

"எந்த ஸ்டேஷன்ல எறங்கினா கடல் தெரியுமோ அதுக்குக் குடுங்க. இருவத்தஞ்சு வருஷமா இங்க உக்காந்து எல்லாரையும் எங்கியோ அனுப்பி வச்சிட்டு இருக்கோம். நான் ஒரு தடவ போய்ப் பாக்கறேன்."

அவர் வெகுநேரம் அட்டவணையைப் புரட்டினார். டிக்கெட்டைக் கொடுத்தார். வெளியே வந்து முதல் வகுப்புப் பெட்டியின் கதவைத் தானே திறந்துவிட்டு, எல்லா முதல் வகுப்புப் பயணிகளுக்கும் செய்வதுபோல் தொப்பியைத் தொட்டார். ரயில் கண்ணுக்கு மறைகிறவரை கொடியை மடக்காமல் நின்றார். அவள் போயிருந்த இரண்டு வாரமும் பெங்கெல்லிதான் அவருக்குச் சமைத்துப்போட்டார். சுரங்கக்காரர் சமையல், எல்லாவற்றிலும் வெங்காயம்.

வினிஃப்ரட் மூக்கு சிவந்து, தோல் உரிந்து, சந்தோஷமாகத் திரும்பி வந்தாள். கடல் எப்படி இருந்தது என்று இரண்டு தரப்புப் பெண்களும் வந்து கேட்டார்கள். ரொம்பப் பெரிது என்றாள். வருகிறது, போகிறது, வருகிறது, போகிறது, யாரும் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை என்றாள். மிஸ்டர் ஐன்ஸ்லி கட்டாயம் பார்க்க வேண்டும் என்றாள்.

அடுத்த ஆண்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்த அன்று, அவர் பெட்டியை இறக்கும்போது, கடல் பிடித்ததா என்று கேட்டேன்.

"நிர்வாகம் ரொம்ப நல்லா இருக்கு, டெஸ். யாரு பாத்துக்கறாங்கன்னுதான் தெரியல," என்றார்.